6 வோல்ட் ஏசியிலிருந்து 5 வோல்ட் டிசி: நானும் விழுந்த குழி

ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் சர்க்யூட்டில் டயோடைத் திருப்பி மாட்டுவது, கெப்பாசிட்டரில் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுப்பது இதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை, ஒரு முறை புகை வந்தால் புத்தியும் வந்துவிடும். புகையே வராமல் கழுத்தறுப்பவைதான் என் கவலை. போன மாதம்கூட ஒருவர் காட்டிய போர்டில் நான் அன்றைக்குச் செய்த அதே கூத்து.

1.414-ஆல் பெருக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குவது

6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், 1.414-ஆல் பெருக்கினால் அலையின் உச்சம் 8.5 வோல்ட், 5 வோல்ட் தரும் ரெகுலேட்டரான 7805-க்கு இன்புட்டில் 7 போதும், அப்புறம் என்ன? நானும் இப்படித்தான் கணக்குப் போட்டேன். நான்கு டயோடு சேர்ந்த பிரிட்ஜில் கரண்ட் எப்போதும் இரண்டு டயோடைத் தாண்டித்தான் போகும். ஒரு டயோடு விழுங்குவது 0.7 வோல்ட் என்று புத்தகத்தில் இருக்கும். ஆனால் அலையின் உச்சியில் கொஞ்ச நேரம்தான் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது, அந்த நேரத்தில் லோடு கரண்டைப் போலப் பல மடங்கு பாய்வதால் 1என்4007 டயோடு ஒவ்வொன்றும் 1 வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடும். மிஞ்சுவது 6.5. 230 வோல்ட்டில் 2 வோல்ட் போனால் யாருக்குத் தெரியும்? இங்கே அது ஏறக்குறைய கால் பங்கு.

கொடுமை என்னவென்றால், லோடு இல்லாமல் அளந்தால் எல்லாம் சரியாகவே தெரியும். என் போர்டும் மேசையில் சமர்த்தாக 5 வோல்ட் காட்டியது, ரிலே இழுக்கும்போது மட்டும் கன்ட்ரோலர் ரீசெட் ஆனது. இரண்டு வாரம் புரோகிராமைக் குடைந்தேன்! கடைசியில் ரெகுலேட்டரின் இன்புட்டில் ஆசிலாஸ்கோப் வைத்தால், ரம்பப் பல் மாதிரி அலை. 300 மில்லிஆம்பியர் லோடு, 1000 மைக்ரோஃபாரட், 50 ஹெர்ட்ஸில் 10 மில்லிவிநாடிக்கு ஒரு சார்ஜ்: கணக்குப்படி 3 வோல்ட் வரை பள்ளம். அடியில் சுமார் 4 வோல்ட்தான் இருந்தது. மல்டிமீட்டர் சராசரியைச் சொல்லும், பள்ளத்தைச் சொல்லாது.

9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன், கெப்பாசிட்டரை 2200 ஆக்கினேன், தீர்ந்தது. ரெகுலேட்டர் கொஞ்சம் சூடாகும், ஹீட்சிங்க் வைத்துவிடுங்கள்.

4007-க்குப் பதில் அதே குடும்பத்து 4001 டயோடு போட்டால் இழப்பு குறையும்

குறையாது.

கண்ணை மூடிக்கொண்டு ஷாட்கி

ஷாட்கி என்பது குறைவாக வோல்ட் விழுங்கும் டயோடு வகை. அதில் ஒன்றான 1என்5819 விழுங்குவது ஏறக்குறைய பாதிதான், நல்ல விஷயம். ஆனால் ரிவர்ஸில், அதாவது எதிர்த் திசையில், அது தாங்குவது 40 வோல்ட். 15-0-15 சென்டர் டேப் டிரான்ஸ்ஃபார்மரில் (நடுவிலிருந்தும் ஒரு வயர் வரும் வகை) ஒவ்வொரு டயோடுக்கும் 42 வோல்ட் வரும், போட்டுவிடாதீர்கள். சூடேறினால் கசிவும் ஏறும்.

100 மில்லிவோல்ட் சிக்னலை டயோடில் விடுவது

சிலிக்கான் டயோடு திறக்கவே திறக்காது. ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) வைத்து, சின்ன சிக்னலுக்கும் வேலை செய்யும் பிரிசிஷன் ரெக்டிஃபையர் கட்டுங்கள்.