ஒனிமுஷா ரீமாஸ்டர்: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒனிமுஷா என்பது ஜப்பானின் கேப்காம் நிறுவனத்தின் சாமுராய் வீடியோ கேம் வரிசை. மியாமோட்டோ முசாஷி நாயகனாக வரும் அடுத்த ஒனிமுஷாவை 2024 டிசம்பரில் அது அறிவித்தது. 2025 மே மாதம் இரண்டாம் பாகத்தின் ரீமாஸ்டரும் (மெருகேற்றிய மறுவெளியீடு) வந்தது. அதற்குப் பிறகு முதல் பாகத்தை வாங்கிப் போட்டுவிட்டு என்னிடம் கருத்துச் சொல்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். "பழசாகிப் போச்சு" என்பார்கள். எப்படி விளையாடினாய் என்று கேட்டால், பிளேஸ்டேஷன் 2 காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைத்தான் வரிசையாகச் சொல்கிறார்கள்.

2001-ல் வந்த 'ஒனிமுஷா: வார்லார்ட்ஸ்' இன்றும் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் என் கருத்து. 2019 ஜனவரியில் வந்த ரீமாஸ்டர் அதைப் பெரிதாக மாற்றவில்லை. மாற்றாததால்தான் அதை அதன் போக்கில் விளையாட வேண்டியிருக்கிறது. அடிபட்டால் மூலிகை சாப்பிடு, மூலை முடுக்கெல்லாம் தேடு என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

திறந்த உலகம் என்று நினைத்து உள்ளே போவது

இந்த கேம் முதலில், கேப்காமின் திகில் கேமான 'ரெசிடென்ட் ஈவில்' சாமுராய் காலத்தில் நடந்தால் எப்படியிருக்கும் என்ற யோசனையாகத்தான் தொடங்கியது. நிலையான கேமரா, பூட்டிய கதவு, சாவி, புதிர்ப்பெட்டி எல்லாம் அங்கிருந்து வந்தவை. கோட்டையும் அதன் சுற்றுப்புறமும்தான் மொத்த உலகம். முதல்முறை விளையாடினாலே ஐந்து மணி நேரம் சுமாருக்கு முடிந்துவிடும். அறுபது மணி நேரம் ஓடும் விளையாட்டுகளுக்குப் பழகியவர்கள் இதைக் குறை என்கிறார்கள். எனக்கு இது பெரிய பலமாகப் படுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி முடித்துவிட்டு, அடுத்த வாரம் இன்னும் நன்றாக விளையாடலாம். இரண்டாவது முறை விளையாடும்போதுதான் இதன் முழு ருசி தெரியும்.

அகலத்திரையை அப்படியே விட்டுவிடுவது

பின்னணிகள் எல்லாம் முன்பே உருவாக்கி வைத்த படங்கள். அவை 4:3 சட்டகத்துக்காக அமைக்கப்பட்டவை. ரீமாஸ்டரில் 16:9 வைத்தால் படம் பெரிதாகி, மேலும் கீழும் வெட்டுப்பட்டு, நாயகன் சமனோசுகே நகர நகர மெல்ல உருளும். திரை நிறைந்திருப்பதென்னவோ உண்மைதான். ஆனால் அந்தக் கோணத்தை அமைத்தவர் காட்ட நினைத்த கூரையும் தரையும் ஒரே பார்வையில் கிடைக்காது. அமைப்புகளில் 4:3-க்கு மாற்றி ஒரு அறையை நின்று பாருங்கள். பின்னணி சற்று மங்கலாகவும் ஆட்கள் கூர்மையாகவும் தெரிவது இரண்டிலும் உண்டு. பெரிய டிவியில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். அதற்கு மருந்தில்லை.

டி-பேடை மறந்துவிடுவது

ரீமாஸ்டரில் அனலாக் குச்சியால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நேராக ஓடலாம். நல்ல மாற்றம், ஓடுவதற்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேமரா சட்டென்று மாறும் இடத்தில், நின்ற இடத்திலேயே திரும்பவும், முகம் கொடுத்தபடி ஓர் அடி பின்வாங்கவும் டி-பேடில் (திசைப் பட்டன்களில்) இருக்கும் பழைய டேன்க் கன்ட்ரோல்தான் துல்லியம். மேலே அழுத்தினால் சமனோசுகே தான் பார்க்கும் திசையில் போவான். கேமரா எங்கே மாறினாலும் அது மாறாது. இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. விரலை மாற்றி வைத்தால் போதும்.

காவல் பட்டனைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் பொறுக்காது. மற்ற தவறுகளால் நேரம் வீணாகும். இந்தத் தவறைச் செய்தவர்கள் கேமையே பார்க்காமல் எழுந்து போகிறார்கள்.

இன்று வருகிறவர்களில் பெரும்பாலோர் செகிரோவும் கோஸ்ட் ஆஃப் சுஷிமாவும் ஆடிப் பழகியவர்கள். அவற்றில் எதிரியின் வெட்டு வரும் நொடியில் காவல் பட்டனைத் தட்டினால் வாள் மோதும், பொறி பறக்கும், எதிரி தடுமாறுவான். அந்தப் பழக்கம் விரலில் ஊறிப்போயிருக்கிறது. என் அத்தை மகன் செகிரோவை முடித்தவன். அவன் முதல்முறை ஒனிமுஷா ஆடியபோது பக்கத்தில் இருந்தேன். காவலைப் பிடித்தபடி நின்றான். வெட்டுகளைத் தடுத்தான். எதிரி தடுமாறுவான் என்று பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தடுத்தான். அதற்குள் இன்னொருவன் பின்னால் வந்து வெட்டினான். கடைசியில் கோபம் வந்து தாக்குதல் பட்டனைப் போட்டுக் குத்து குத்தென்று குத்தி எல்லாரையும் சாய்த்துவிட்டு, "மச்சான், இதுல ஒண்ணுமே இல்லையே, சும்மா பட்டன அமுக்கிட்டே இருந்தா ஜெயிச்சிடலாம் போல" என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. அவன் விளையாடிய விதத்தில் இது அவ்வளவு சாதாரணமான கேம்தான்.

ஒனிமுஷாவில் காவல் என்பது வெறும் காவல். எதிரியை அது ஒன்றும் செய்யாது. ஆட்டத்தின் உயிர் இஸ்ஸென் என்ற எதிர்வெட்டில் இருக்கிறது. எதிரியின் வாள் உங்கள் மேல் படப்போகும் அந்தக் கணத்தில் நீங்கள் அழுத்த வேண்டியது தாக்குதல் பட்டனை. சரியாக விழுந்தால் சமனோசுகே மின்னலாகப் பாய்ந்து வெட்டுவான், சாதாரண எதிரி ஒரே வெட்டில் விழுவான். கணம் தப்பினால் முழு வெட்டும் உங்கள் மேல். காவலும் இருக்காது, ஏனென்றால் நீங்கள் தாக்கப் போனீர்கள். தற்காப்பு பட்டனை நேரம் பார்த்து அழுத்துவதும், அடி விழப்போகிறது என்று தெரிந்தும் கையை இறக்கி நின்று தாக்குதல் பட்டனை அழுத்துவதும் ஒன்றல்ல. பின்னதற்கு நெஞ்சுரம் வேண்டும். சாமுராய் கதை சொல்லும் எத்தனையோ விளையாட்டுகளில் கிடைக்காத உணர்வு இந்தக் கையளவு விதியில் கிடைக்கிறது.

எல்லாரும் தவறுவது எங்கே என்றால், எதிரி வாளை ஓங்கியதுமே அழுத்திவிடுகிறார்கள். ஓங்குவது வெறும் அறிவிப்பு. வாள் இறங்கும்போதுதான் அழுத்த வேண்டும். கபடியில் பாடி வருபவன் காலை அசைத்ததுமே பாய்கிறவன் ஏமாறுவான், அவன் நீட்டிய கையை இழுக்க முடியாத கணம்வரை காத்திருப்பவன்தான் பிடிப்பான். இதுவும் அப்படியே. தொடக்கத்தில் வரும் சாதாரண கென்மா (பேய்ப்படை) காலாட்களிடம் இதைப் பழகுங்கள். ஒருவனை மட்டும் விட்டுவைத்து, காவலைத் தொடாமல், அவன் வெட்டின் வேகத்தை முதலில் கண்ணால் படியுங்கள். பெரிய எதிரிகள் வந்த பிறகு பழகலாம் என்று தள்ளிப்போட்டால் ஒருபோதும் பழக மாட்டீர்கள்.

பழகாததன் விலை இங்கேயே முடிவதில்லை. வீழ்ந்த எதிரியிடமிருந்து ஆன்மாக்கள் கிளம்பும். சிவப்பு ஆயுதத்தை வளர்க்க, நீலம் மந்திர சக்திக்கு, மஞ்சள் உயிருக்கு. அவை கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும். கைக்கவசத்தால் உறிஞ்சும்போது நீங்கள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், எவன் வேண்டுமானாலும் வந்து வெட்டலாம். மூன்று பேர் சூழ்ந்திருக்கும்போது மெல்ல மெல்ல வெட்டிச் சாய்க்கிறவனுக்கு உறிஞ்ச நேரமே கிடைக்காது. பாதி ஆன்மாக்கள் காற்றோடு போகும். அப்புறம் வாள் வளராது, மந்திரம் இருக்காது, அடுத்த சண்டை இன்னும் இழுக்கும். இஸ்ஸெனில் ஒருவனைச் சட்டென்று சாய்த்தவனுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது, உறிஞ்சுகிறான், வளர்கிறான். இஸ்ஸென் ஒன்றைத் தவறவிட்டால் இதில் எதுவுமே பொருந்தி வராது.

தொடக்கத்திலேயே ஈஸி நிலையைத் தேர்ந்தெடுக்க ரீமாஸ்டர் வழி விட்டிருக்கிறது. கதைக்காக மட்டும் வருகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம். சண்டையைப் பற்றிக் கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் நார்மலில் ஆடுங்கள்.

பிடித்த வாளுக்கே எல்லாச் சிவப்பையும் கொட்டுவது

ராய்ஸான் மின்னல் வாள், என்ரியூ நெருப்பு வாள், ஷிப்பூ காற்றின் இரட்டை முனை வாள். மூன்றுக்கும் தனித்தனிக் கோளங்கள் கைக்கவசத்தில் உண்டு. ஆங்காங்கே வரும் மாயக் கண்ணாடியில் வாளையும் வளர்க்கலாம், கோளத்தையும் வளர்க்கலாம். வாள் வளர்ந்தால் உடனே கையில் தெரிகிறது, அதனால் எல்லாரும் அங்கேயே செலவழிக்கிறார்கள். பூட்டிய மந்திரக் கதவுகள் கேட்பது கோளத்தின் நிலையை. பாதிக் கேமில் ஒரு கதவின் முன் நின்று, பழைய இடங்களுக்குத் திரும்பிப்போய், மறுபடி முளைக்கும் எதிரிகளை வெட்டிச் சிவப்பு சேர்த்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாம் இந்தக் கணக்கில் விழுந்தவர்கள். கோளம் முதலில், வாள் பிறகு.

மந்திரத்தைக் கடைசிச் சண்டைக்கென்று சேமிப்பது

பயன்படுத்துங்கள். நீலம் மறுபடி வரும்.

தானாகச் சேமிக்கும் என்று நம்புவது

கண்ணாடியைப் பார்த்தால் சேமியுங்கள்.

கயெடேயைச் சமனோசுகே போல ஆடுவது

கயெடே சமனோசுகேயின் கூட்டாளி, பெண் நிஞ்சா; சில இடங்களில் அவளாக ஆட வேண்டியிருக்கும். அவளிடம் கைக்கவசம் இல்லை. ஆன்மாவை உறிஞ்ச முடியாது. அவசியமில்லாத சண்டையை விட்டுவிட்டு ஓடுங்கள்.

கதையை வரலாறாக எடுத்துக்கொள்வதும், வரலாறே தெரியாமல் ஆடுவதும்

1560-ல் ஒகேஹசாமாவில் ஓடா நோபுநாகா இமகாவா யோஷிமோட்டோவை வென்றார், அது நடந்தது. வென்ற கையோடு தொண்டையில் அம்பு பாய்ந்து செத்தார், பேய்கள் அவரை எழுப்பின என்பது கேம். உண்மை நோபுநாகா அதற்குப் பிறகு 22 ஆண்டுகள் வாழ்ந்து, 1582-ல் கியோட்டோவின் ஹொன்னோ-ஜி கோயிலில், தன் தளபதி அகெச்சி மிட்சுஹிடேயின் கலகத்தில் மடிந்தார். நம் நாயகனின் பெயர் அகெச்சி சமனோசுகே. அந்தக் குலப்பெயரைக் கேட்டதுமே ஜப்பானிய ஆட்டக்காரர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசியுங்கள். கதை நடக்கும் இனாபயாமா கோட்டை சைட்டோ குலத்தினுடையது. 1567-ல் நோபுநாகா அதைப் பிடித்து கிஃபு என்று பெயர் மாற்றினார். நோபுநாகாவின் ஆளாக வரும் டோகிச்சிரோதான் பின்னாளில் ஜப்பானையே ஆண்ட ஹிடெயோஷி. இவ்வளவு தெரிந்தால் போதும், எளிமையான அந்தக் கதைக்கு எலும்பு வந்துவிடும்.

பழைய இசையைத் தேடுவது

கிடைக்காது. மூல இசை மமோரு சமுராகோச்சி பெயரில் வந்தது. உண்மையில் தகாஷி நீகாகி எழுதிக் கொடுத்தார் என்பது 2014-ல் வெளிவந்தது. ரீமாஸ்டரில் வேறு இசை. கேட்கக் குறையில்லை. ஆனால் பழையதன் கனத்தை அறிந்த காதுக்கு இதுதான் ரீமாஸ்டரின் பெரிய இழப்பு.

இரண்டாம் பாகத்தையும் இதே கணக்கில் ஆடுவது

அதில் யக்யூ ஜூபே நாயகன். கூட்டாளிகள் நால்வர்: எகெய், மகோயிச்சி, கொட்டாரோ, ஓயூ. யாருக்கு எந்தப் பரிசைக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து யார் எப்போது உதவிக்கு வருவார் என்பது மாறும். கிடைத்த பொருளையெல்லாம் கண்ணில் பட்டவரிடம் நீட்டாதீர்கள். எகெய்க்குச் சாராயம் கொடுங்கள்.