சம்புக்குள் கேட்ட சளசள சத்தம்

கோவை பீளமேட்டில் எங்கள் அபார்ட்மெண்டின் பொது மீட்டருக்கு இரண்டு மாத பில் ஏறிக்கொண்டே போனது. சங்கக் கூட்டத்தில் எல்லோரும் லிஃப்டைத்தான் திட்டினார்கள். எனக்கென்னவோ மோட்டார் மேல்தான் சந்தேகம்.

"தெனம் மூணு தடவ போடறனுங்க" என்றார் வாட்ச்மேன் அண்ணன். ராத்திரி மோட்டார் நின்றதும் சம்பு (தரைக்கடித் தொட்டி) மூடியைத் திறந்து காது கொடுத்தேன். சளசளவென்று சத்தம். ஏற்றுக்குழாயை மேல்தொட்டியின் அடியில் இணைத்திருந்தார்கள். தண்ணீரைத் திரும்பவிடாமல் தடுக்கும் நான்-ரிட்டன் வால்வு கெட்டதால் ஏற்றிய தண்ணீரெல்லாம் திரும்பிவந்துகொண்டிருந்தது. வால்வைக் கழற்றினால், ரப்பர் வாஷர் அப்பளமாய் நொறுங்கியது. பம்புக்குப் பேர்போன ஊரில் இந்தக் கூத்து!

வால்வை மாற்றினோம். அப்புறம் மாடிப்படியில் சோக்கும் சேர்த்துக் கரண்ட் தின்ற 36 வாட் டியூப்களுக்குப் பதில் 18 வாட் எல்இடி. செலவைப் பிரிப்பதில்தான் சண்டை. "நான் படியே ஏறறதில்லீங்களே" என்றார் கீழ்வீட்டுக்காரர். எப்படியோ கொடுத்துவிட்டார். இப்போது மோட்டார் தினம் ஒரு தடவைதான்.