தொட்ட கை வாய்க்குப் போகும் முன்: குழந்தைகளோடு பண்ணைக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலங்குகளைத் தொட்டுப் பார்க்கவும் தீனி கொடுக்கவும் அனுமதிக்கும் பண்ணையை ஒரு பூங்காவாக நினைத்துக்கொண்டு போவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்தே பிறக்கின்றன. பூங்காவில் குழந்தையை ஓடவிட்டு நாம் சற்று உட்காரலாம். பண்ணையில் அது முடியாது. அங்கே காலடியெங்கும் சாணமும் புழுக்கையும் கிடக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் பசியும் பயமும் உள்ள உயிர்கள் நிற்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ கண்ணில் பட்டதையெல்லாம் தொடும், தொட்ட கையை வாயில் வைக்கும். அதை அதட்டித் திருத்த முடியாது. அந்த வயதின் இயல்பு அது. கவனமாக இருக்க வேண்டியவர்கள் கூட்டிச்செல்லும் நாம்தான்.

மினுமினுவென்று ஆரோக்கியமாக இருக்கும் மாடு, வெள்ளாடு, செம்மறியாடு ஆகியவற்றின் குடலிலும் ஈ.கோலை ஓ157 என்ற கிருமி இருக்கக்கூடும். விலங்குக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. மனிதருக்கோ மிகச் சொற்ப அளவு உள்ளே போனாலே நோய் வந்துவிடும். கடுமையான வயிற்றுவலி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, சிறு குழந்தைகளில் சிலருக்குச் சிறுநீரகம் செயலிழப்பது வரை அது கொண்டுபோய் விடுகிறது. 2009-இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரே பண்ணையுடன் தொடர்புடைய பரவலில் 93 பேர் நோயுற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பொருட்காட்சியில் 2004-இல் விலங்குகளைத் தொடும் கூடம் ஒன்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு இதே கிருமி தொற்றியது. அதைப் பற்றிய ஆய்வை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சாணத்தைத் தொட்ட அல்லது மிதித்த குழந்தைகள், தரையில் விழுந்த அல்லது உட்கார்ந்த குழந்தைகள், விரல் சூப்பிய அல்லது ரப்பர் நிப்பிளை வாயில் வைத்திருந்த குழந்தைகள் ஆகியோருக்கே ஆபத்து அதிகமாக இருந்தது. கைகளில் சானிடைசர் தடவிக்கொண்டது பாதுகாப்புத் தரவில்லை. விலங்குகளிடமிருந்து நோய் வரக்கூடும் என்று பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருந்த குடும்பங்களில் நோய் குறைவாக இருந்தது. இந்தக் கடைசிச் செய்தி எனக்குப் பெரும் நம்பிக்கை தருகிறது. தெரிந்து போனால் போதும், பாதி ஆபத்து விலகிவிடுகிறது.

ஆகவே, பையில் சானிடைசர் இருக்கிறது என்ற தைரியத்தில் போகாதீர்கள். அழுக்கும் எண்ணெய்ப் பசையும் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது. பண்ணைக் குட்டிகளிடமிருந்து பரவும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை அது கொல்வதே இல்லை. சோப்பும் ஓடும் நீரும்தான் வழி. விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று இருபது வினாடியாவது தேய்த்துக் கழுவ வேண்டும். குழந்தை தானே கழுவிக்கொண்டது என்று விட்டுவிடாமல் நாம் பிடித்துக் கழுவிவிட வேண்டும். வெளியேறும்போது ஒரே தடவை கழுவிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் தவறு. விலங்குப் பகுதியை விட்டு வந்தவுடன் ஒரு முறை, எதையாவது தின்னும் முன் ஒரு முறை, காலணியைக் கழற்றிய பின் ஒரு முறை. வேலிக் கம்பியை மட்டும்தான் பிடித்தான் என்பது கணக்கில் வராது. அந்தக் கம்பியை ஆடுகள் நாள் முழுதும் நக்கியிருக்கும்.

கை கழுவுவதை மட்டுமே நம்பியிருப்பதும் போதாது. கழுவ வேண்டிய அழுக்கே சேராமல் பார்த்துக்கொள்வது அதைவிட மேல். பால் புட்டி, நிப்பிள், தின்பண்டம், வாயில் வைத்துக் கடிக்கும் பொம்மை எதையும் விலங்குகள் இருக்கும் பகுதிக்குள் கொண்டுபோகாதீர்கள். தவழும் குழந்தையைக் கீழே விடாதீர்கள். கால்விரல்களை நன்றாக மூடும் காலணி போடுங்கள். தள்ளுவண்டிச் சக்கரங்களில் ஒட்டிய சாணம் வீட்டுக்கூடம் வரை வந்து சேரும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வண்டியை வெளியே நிறுத்திவிட்டுக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொள்வதே நல்லது.

கோழிக்குஞ்சும் வாத்துக்குஞ்சும் ஆபத்தில்லாதவை என்று நினைக்கிறோம். அவை சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை. ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் கையில் குஞ்சைக் கொடுக்காமல், நாம் பிடித்துக் காட்டினால் குஞ்சுக்கும் நல்லது. அந்த வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு அழுத்திப் பிடிக்கலாம் என்பது தெரியாது. கூட வருபவர் கர்ப்பிணியாக இருந்தால், ஆடுகள் ஈனும் காலத்தில் ஈன்ற ஆட்டையும் புதுக்குட்டியையும் அணுகவே கூடாது. பனிக்குடநீர், நஞ்சுக்கொடி வழியாகக் கருச்சிதைவை உண்டாக்கும் கிருமிகள் தொற்றலாம்.

அழும் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்து ஆட்டின் முதுகில் வைத்துப் புகைப்படம் எடுப்பதை எந்தப் பண்ணையிலும் பார்க்கலாம். எனக்கு இதுதான் மிகவும் வருத்தம் தருகிறது. நம் கண்ணுக்குச் சின்ன ஆடு; இரண்டு வயதுக் குழந்தைக்கு அது தன் முகத்துக்கு நேரே மூச்சுவிடும் பெரிய உருவம். விலங்கு அப்போது பதறித் திமிறினால் அந்தப் பயம் நெடுநாள் தங்கிவிடும். தூர நின்று பார்க்கட்டும். நாம் முதலில் தடவிக் காட்டலாம். அதன் பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். எதையுமே தொடாமல், கோழி மண்ணைக் கிளறுவதையே நெடுநேரம் பார்த்துவிட்டு வருகிற குழந்தைக்கும் அது நிறைவான நாள்தான்.

விலங்கும் வேண்டாம் என்று சொல்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. காதுகளைப் பின்னால் ஒட்ட மடக்கிய குதிரை எரிச்சலில் இருக்கிறது. கழுத்தை நீட்டிச் சீறும் வாத்து துரத்தத் தயாராகிறது. மடியில் அசையாமல் கிடக்கும் முயலை 'எவ்வளவு சமத்து' என்று கொஞ்சுகிறோம். அது பெரும்பாலும் பயத்தில் உறைந்துபோயிருக்கிறது. காதைப் பிடித்து அதைத் தூக்கவே கூடாது. பின்பக்கத்தைத் தாங்காமல் தூக்கினால், உதறும் வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். குழந்தை தரையில் உட்காராமல் ஒரு திண்ணையிலோ பெஞ்சிலோ அமர்ந்து, பக்கத்தில் இருக்கும் முயலை முதுகில் மெல்லத் தடவினால் போதும்.

தீனி கொடுக்கும்போது விரல் நுனியில் பிடித்து நீட்டுவதால்தான் கடி விழுகிறது. உள்ளங்கையை விரித்துக் கட்டைவிரலையும் ஒட்டி வைத்தால் விலங்கு உதட்டால் வாரிக்கொள்ளும். ஆட்டுக்கு மேல்தாடையின் முன்புறம் பற்கள் இல்லை. குதிரைக்கும் கழுதைக்கும் மேலும் கீழும் உண்டு, ஆகவே அவற்றிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. குதிரைக்கு நேர் பின்புறமும் மூக்குக்குக் கீழும் கண் தெரியாது. தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே போக வேண்டும். வீட்டிலிருந்து ரொட்டி, பிஸ்கட் கொண்டுபோகாதீர்கள். ஒரு துண்டில் என்ன வந்துவிடும் என்று நூறு குடும்பங்கள் நினைத்தால், அசைபோடும் விலங்கின் இரைப்பையில் மாவுப்பொருள் குவிந்து, அமிலம் ஏறி, அதன் உயிருக்கே ஆபத்தாகும். பண்ணை தரும் தீனி மட்டும் போதும்.

கடியோ கீறலோ பட்டால், சிறியதுதானே என்று துடைத்துவிடாமல் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீடு திரும்பிய மறுநாளே எல்லாம் நலம் என்று மறந்துவிடுவது கடைசித் தவறு. ஈ.கோலை பெரும்பாலும் மூன்று நான்கு நாள் கழித்தும், கிரிப்டோஸ்போரிடியம் ஏறத்தாழ ஒரு வாரம் கழித்தும் தலைகாட்டும். அதற்குள் பண்ணைக்குப் போனதே நினைவில் இருக்காது. இரண்டு வாரத்துக்குள் வயிற்றுப்போக்கு வந்தால், முக்கியமாக அதில் இரத்தம் தெரிந்தால், வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கையோ வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையையோ கொடுக்காதீர்கள். ஈ.கோலை நோயாக இருந்தால் அவை நிலைமையை மோசமாக்கலாம். சிறுநீர் குறைகிறதா, முகம் வெளிறுகிறதா என்று பாருங்கள். உடனே மருத்துவரிடம் கொண்டுபோய், அவர் கேட்கும் முன்பே எந்த நாளில் பண்ணைக்குப் போனீர்கள், எந்த விலங்கைத் தொட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.