ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் இக்னிஷன் மாட்யூல் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1980களின் நடுவிலிருந்து 1990களின் தொடக்கம் வரை வெளிவந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப்புகளை இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு கோளாறு நன்றாகவே பழக்கமாகியிருக்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பும் வண்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஓட்டத்திலேயே அணைந்துவிடும். ஓரமாக நிறுத்திச் சற்று ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடியும் கிளம்பும். இந்த அறிகுறியைக் கேட்டதும் எல்லோரும் கைகாட்டுவது டி.எஃப்.ஐ. என்று அழைக்கப்படும் இக்னிஷன் மாட்யூலைத்தான். பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பன்மடங்கு உயர்த்தும் காயிலின் வழியே பாயும் மின்னோட்டத்தைச் சரியான கணத்தில் துண்டித்து ஸ்பார்க்கை உண்டாக்கும் மின்னணுச் சுவிட்ச் அது. அது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், இரண்டே ஸ்க்ரூக்களில் நிற்கும். ஆகவே மாற்றுவதும் எளிது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆனால் புது மாட்யூல் போட்ட சில மாதங்களிலேயே அதே கோளாறு திரும்பி வந்தது என்று சொல்பவர்கள் ஏராளம். அவர்களுடைய வேலையைக் கூர்ந்து பார்த்தால், வெப்பத்தை எங்கோ கணக்கில் எடுக்காமல் விட்டிருப்பது பெரும்பாலும் தெரியவரும்.

இந்த மாடல்களில் மாட்யூல், ஸ்பார்க்குக்கான மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. தான் உண்டாக்கும் வெப்பத்தையும் எஞ்சினிலிருந்து ஏறிவரும் வெப்பத்தையும் அது ஒருசேரத் தாங்க வேண்டியிருக்கிறது. இந்த இடத்தேர்வே குறையுள்ளது என்று உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், கலிஃபோர்னியா நீதிபதி ஒருவர் 2000-ஆம் ஆண்டு நிறுவனத்துக்கு எதிராக உத்தரவிட்டார். மறு ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. பிந்தைய ஆண்டு மாடல்களில் மாட்யூல் டிஸ்ட்ரிபியூட்டரை விட்டு விலகி, துடுப்புகள் கொண்ட அலுமினியத் தகட்டின் மீது தனியாக இடம்பெற்றதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

முதல் தவறு, சோதிக்காமலேயே மாட்யூலை வாங்கிவிடுவது. சூட்டில் அணைந்து குளிர்ந்ததும் கிளம்பும் அதே அறிகுறியை அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இன்னொரு பாகமும் காட்டும். ரோட்டர் தண்டு சுழல்வதை உணர்ந்து எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கும் மாட்யூலுக்கும் சொல்லும் ஹால் சென்சர் அது. மெக்கானிக்குகள் அதைப் பிப் சென்சர் என்பார்கள். இதில் யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. எஞ்சின் அணைந்து, மறுபடி கிளம்ப மறுக்கும் அந்த நேரத்திலேயே, ஸ்டார்ட்டரைச் சுழற்றி ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். கூடவே, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு மின்துடிப்பு போகிறதா என்பதை அதன் இணைப்பில் சொருகும் சோதனை விளக்கைக் கொண்டு பாருங்கள். எஞ்சின் சுழல்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் பிப் சென்சர் மூலமாகவே தெரிந்துகொள்வதால், சென்சர் செத்திருந்தால் ஸ்பார்க்கும் வராது, இன்ஜெக்டரும் துடிக்காது. இன்ஜெக்டர் துடிக்கிறது, ஸ்பார்க் மட்டும் இல்லை என்றால் சந்தேகம் மாட்யூல், காயில் ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டும். பிப் சமிக்ஞை மாட்யூலின் வழியாகவே வெளியே போவதால் இந்தச் சோதனையை முடிந்த தீர்ப்பாகக் கொள்ள முடியாது; ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு பாகம் வாங்குவதை இது பெரும்பாலும் தடுத்துவிடும். கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீடுகளையும் படித்துவிடுவது நல்லது. குறியீடு 14 பிப் சமிக்ஞை விட்டுவிட்டு வருவதைச் சொல்கிறது. 18 என்றால் மாட்யூலுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையிலான சுற்றில் பிழை என்று பொருள்.

காயிலையும் விட்டுவிடக் கூடாது. சாவியை ஆன் நிலையில் வைத்தால் காயிலின் நேர்முனையில் பேட்டரி மின்னழுத்தம் இருக்க வேண்டும். எதிர்முனையில் சோதனை விளக்கை மாட்டி ஸ்டார்ட்டரைச் சுழற்றும்போது விளக்கு சிமிட்டினால், மாட்யூல் தன் வேலையைச் செய்கிறது. அப்படியானால் காயில், டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப், அதனுள் சுழலும் ரோட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரில் காயிலின் முதன்மைச் சுற்று சுமார் 0.3 முதல் 1 ஓம் வரையும், இரண்டாம் சுற்று சுமார் 6,500 முதல் 11,500 ஓம் வரையும் காட்டினால் அது பொதுவாக நல்ல நிலையில் இருப்பதாகக் கொள்ளலாம்.

பழைய மாட்யூலைக் கழற்றி உதிரிபாகக் கடையில் கொடுத்துச் சோதிப்பது பலரும் செய்வதுதான். மேசை மீது குளிர்ந்து கிடக்கும் மாட்யூல் பெரும்பாலும் தேறிவிடும். அதன் குறை சூட்டில் மட்டுமே வெளிப்படுவது. தொடர்ந்து பல முறை சோதனையை ஓடவிட்டு மாட்யூலைச் சூடேற்றிய பிறகும் தேறினால்தான் அந்த முடிவுக்கு மதிப்பு உண்டு. தோல்வி என்று வந்தால் அதை நம்பலாம். தேர்ச்சி என்று வந்ததை மட்டும் நம்பி மாட்யூலைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிடக் கூடாது.

அடுத்தது, தவறான மாட்யூலை வாங்குவது. தொழிற்சாலையிலிருந்து வந்த மாட்யூல்களில் சாம்பல் நிறம் ஒரு வகை, கறுப்பு நிறம் இன்னொரு வகை. கறுப்பு வகையில் காயில் எவ்வளவு நேரம் மின்னேற வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. சாம்பல் வகையில் மாட்யூலே தீர்மானிக்கிறது. இணைப்பான் இரண்டிலும் ஒரே மாதிரி பொருந்தும், ஆனால் ஒரு முனையின் வேலை வேறு. மாற்றிப் போட்டால் வண்டி கிளம்பக்கூடும், ஆனால் சரியாக ஓடாது. பிற நிறுவனங்கள் விற்கும் மாட்யூல்களில் நிறத்தை நம்ப முடியாது என்பதால், வண்டியின் ஆண்டு, எஞ்சின் ஆகியவற்றுக்குரிய பாக எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். விலை மிகக் குறைந்த மாட்யூலை இந்த இடத்தில் போடுவது என் கருத்தில் வீண் சிக்கனம். நெடுஞ்சாலையின் வேகத் தடத்தில் எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங்கும் கூடவே போய்விடும்.

கழற்றும் வேலையில்தான் கைவேகம் ஆபத்தாகிறது. பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றிவிட்டு, மாட்யூலின் இணைப்பானைத் தாழ்ப்பாளை அழுத்தி விடுவிக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஸ்க்ரூ தலைகள் ஆழமான குழிக்குள் இருப்பதால் சாதாரண சாக்கெட்டின் தடித்த சுவர் உள்ளே போகாது, 5.5 மி.மீ. அளவுள்ள மெல்லிய சுவர் சாக்கெட் இதற்கென்றே விற்கப்படுகிறது. அது இல்லாமல் குறடால் திருக முயன்று தலையை வழுக்கவிட்டால், பிறகு டிஸ்ட்ரிபியூட்டரையே வெளியே எடுக்க வேண்டிய நிலை வரும்.

ஸ்க்ரூக்கள் வந்த பிறகு மாட்யூலை நேராக வெளியே பிடுங்குவதுதான் இந்த வேலையில் மிக அதிகச் செலவு வைக்கும் தவறு. மாட்யூலின் மேற்பகுதியிலிருந்து மூன்று சிறிய முனைகள் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிப் சென்சரின் இணைப்புக்குள் சொருகியிருக்கின்றன. மாட்யூலை முதலில் டிஸ்ட்ரிபியூட்டரின் அடிப்பக்கம் நோக்கிக் கீழே சரித்து, அந்த மூன்று முனைகளும் முழுவதும் வெளிவந்த பிறகே அதை உடலிலிருந்து விலக்க வேண்டும். பழைய கிரீஸ் இறுகிப் பிடித்திருந்தால் லேசாக ஆட்டி விடுவிக்கலாம். ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பக் கூடாது. உள்ளே இருக்கும் இணைப்பு உடைந்தால் மாட்யூலின் விலையோடு முடியாது, பிப் சென்சரும் போய்விடும். அதை மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அடியிலிருக்கும் பல்சக்கரத்தை உருவ வேண்டும். புதிய மாட்யூலைப் பொருத்தும்போதும் இதே கவனம் வேண்டும்: மூன்று முனைகளும் நேராக உள்ளனவா என்று பார்த்து, மேல்நோக்கிச் சொருகிய பிறகே ஸ்க்ரூ துளைகளை நேராக்க வேண்டும்.

எட்டு சிலிண்டர் எஞ்சின்களில் இடம் நெருக்கடியாக இருப்பதால் சிலர் டிஸ்ட்ரிபியூட்டரையே வெளியே எடுத்து வேலை செய்வார்கள். அப்படிச் செய்வதானால், ரோட்டரின் நுனி எங்கே நிற்கிறது என்பதையும், டிஸ்ட்ரிபியூட்டரின் உடல் எஞ்சினில் எந்தக் கோணத்தில் அமர்ந்திருக்கிறது என்பதையும் முன்பே குறியிட்டுக்கொள்ள வேண்டும். வெளியே இருக்கும் நேரத்தில் யாரும் ஸ்டார்ட்டரைச் சுழற்றாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

மாட்யூலின் பின்புறம் ஓர் உலோகத் தகடு. வெப்பம் அந்தத் தகட்டின் வழியாகவே டிஸ்ட்ரிபியூட்டரின் உடலுக்குக் கடந்து போக வேண்டும். இரு உலோகப் பரப்புகளும் பார்வைக்குச் சமமாக இருந்தாலும் இடையில் நுண்ணிய காற்றிடைவெளிகள் இருக்கும். காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் சிலிகான் கிரீஸ் தடவப்படுகிறது. இதைத் தடவாமலேயே மாட்டுவோர் உண்டு. காய்ந்து கட்டியான பழைய கிரீஸின் மேலேயே புதியதைப் பூசுவோரும் உண்டு. இரண்டிலுமே புது மாட்யூலின் ஆயுள் முதல் நாளிலிருந்தே குறையத் தொடங்குகிறது. பழையதை முழுவதும் துடைத்து, டிஸ்ட்ரிபியூட்டரின் பரப்பு பளிச்சென்று உலோகமாகத் தெரியும் வரை சுத்தம் செய்த பிறகு, தகடு முழுவதும் ஒரே சீராகப் பூச வேண்டும். பழைய கையேடுகள் சுமார் 0.8 மி.மீ. கனம் என்று சொல்கின்றன. வெப்பம் கடத்துவதற்கென்றே தயாரிக்கப்பட்ட பசையைப் பயன்படுத்தினால் அதைவிட மெல்லிய பூச்சே போதும், அதையே நான் பரிந்துரைப்பேன். உலோகத் துகள் கலந்த பசை எதுவாக இருந்தாலும் அது முனைகளின் பக்கம் வழிந்துவிடக் கூடாது. ஸ்க்ரூக்களை 1.7 முதல் 4 நியூட்டன் மீட்டர் வரை மட்டுமே முறுக்க வேண்டும். அதாவது கைமுறுக்கைவிடச் சற்றுத்தான் அதிகம். அளவுக்கு மீறி முறுக்கினால் பிளாஸ்டிக் உடல் விரிசல் விடும். தளர விட்டால் தகடு உடலை ஒட்டாமல் கிரீஸ் பூசியதும் வீணாகும்.

டிஸ்ட்ரிபியூட்டரை அசைத்தவர்கள், ஸ்பார்க் எந்தக் கணத்தில் வருகிறது என்பதைக் குறிக்கும் டைமிங்கைப் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு முன் ஸ்பவுட் என்று அழைக்கப்படும் சிறிய இணைப்பியைக் கழற்ற வேண்டும். இல்லையெனில் கம்ப்யூட்டர் தானாகவே டைமிங்கை முன்னே நகர்த்திக்கொண்டிருக்கும், டைமிங் லைட்டில் தெரியும் எண்ணுக்குப் பொருளே இருக்காது. இந்த எஞ்சின்களில் அடிப்படை டைமிங் பொதுவாக, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன். எஞ்சின் அறையில் ஒட்டியிருக்கும் மாசுக்கட்டுப்பாட்டு லேபிளில் வேறு எண் இருந்தால் லேபிளையே பின்பற்ற வேண்டும். வேலை முடிந்ததும் ஸ்பவுட்டை மறுபடி மாட்ட மறந்துவிட்டால், டைமிங் அந்த 10 டிகிரியிலேயே நின்றுவிடும். வண்டி ஓடும், ஆனால் ஏற்றத்தில் இழுக்காது, பெட்ரோலையும் அதிகம் குடிக்கும். மாட்யூல் சரியில்லை என்று பழி அதன்மேல் விழும்.

கடைசியாக, வீட்டு வாசலில் எஞ்சின் கிளம்பியதுமே வேலை முடிந்தது என்று கருவிகளை எடுத்து வைத்துவிடக் கூடாது. கோளாறு சூட்டில் வந்ததென்றால் சோதனையும் சூட்டில்தான் நடக்க வேண்டும். எஞ்சின் முழு வெப்பத்துக்கு வரும் வரை ஓட்டி, அணைத்து, பானெட்டைத் திறக்காமல் கால் மணி நேரம் விட்டுவிட்டுக் கிளப்பிப் பார்க்க வேண்டும். எஞ்சின் நின்ற பிறகு குளிர்விக்கும் நீரோட்டமும் காற்றோட்டமும் இல்லாமல் டிஸ்ட்ரிபியூட்டர் சூடாவது அந்த நேரத்தில்தான். அப்போது தயங்காமல் கிளம்பினால் பழைய மாட்யூலைத் தூக்கிப் போடலாம். தயங்கினால் மறுபடி பிப் சென்சரிலிருந்து சோதனையைத் தொடங்க வேண்டும்.