குரோம்புக்குக்கு மாறுவதற்கு முன்னும் பின்னும்

பெரும்பாலும் குரோம் உலாவி வழியே வேலை செய்யும் விலை குறைந்த மடிக்கணினியான குரோம்புக்குக்கு மாற நினைப்பவர், முதலில் ஒரு வாரம் தம் வேலைகள் அனைத்தையும் இப்போதைய கணினியின் குரோம் உலாவிக்குள்ளேயே முடித்துப் பார்ப்பது நல்லது. உலாவியை விட்டு வெளியே வர நேரும் ஒவ்வொரு முறையும் எதற்காக என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதில் கணக்கு மென்பொருளோ காணொளித் தொகுப்போ திரும்பத் திரும்ப இடம்பெற்றால், இந்தக் கருவி உங்களுக்கு ஏற்றதன்று.

ரேம் 8 ஜிபி இருப்பது நலம். 4 ஜிபியில் தாவல்கள் பெருகியதும் பக்கங்கள் மீண்டும் மீண்டும் ஏறத் தொடங்கும். அதைவிட முக்கியமானதும் பலர் கவனிக்கத் தவறுவதும், தானியங்கிப் புதுப்பிப்பு முடியும் தேதி. 2021 முதல் வெளிவந்த மாடல்களுக்கு 10 ஆண்டுகள் வரை புதுப்பிப்பு உண்டு என்றாலும், அந்தக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. ஆகவே தள்ளுபடியில் கிடைக்கும் பழைய மாடல் உண்மையில் மலிவன்று.

கோப்புகளை கூகுள் டிரைவில் ஏற்றும்போது, இலவசமான 15 ஜிபி இடத்தை ஜிமெயிலும் புகைப்படங்களும் சேர்ந்தே பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். ஆவணங்களின் ஆஃப்லைன் வசதியை இணைய இணைப்பு இருக்கும்போதே இயக்கிவிட வேண்டும். ரயிலில் ஏறிய பிறகு அதைத் தேடிப் பயனில்லை.

விசைப்பலகை பழகச் சில நாள் பிடிக்கும். பெரும்பாலான மாடல்களில் கேப்ஸ் லாக் இருக்க வேண்டிய இடத்தில் தேடல் விசை இருக்கும். தமிழ்99 தட்டச்சு முறை கருவியின் அமைப்புகளிலேயே கிடைப்பதால் தட்டச்சுக்குத் தனி மென்பொருள் வேண்டாம். பதிவிறக்கக் கோப்புறையில் உள்ளவை கருவியில் மட்டுமே தங்குவதால், பவர்வாஷ் (கருவியைத் தொடக்க நிலைக்கு மீட்டமைத்தல்) செய்தால் அவை அழிந்துவிடும்.