மச்சம் சமைப்பீங்களோ? கொழும்பில் வாடகை வீடு பிடிக்கும் வழி

திருச்சியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறக்கிவிடுவார்கள். அதனாலோ என்னவோ, எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் மதுரைக்கு மாற்றலாகி வருகிற மாதிரியே வருகிறார்கள். தமிழ் பேசினால் போதும், தோசை கிடைக்கும், வீடு கிடைக்காதா என்ற தைரியம். 2018-இல் நானும் அப்படித்தான் வந்தேன். அதற்கப்புறம் மூன்று வீடு மாறிவிட்டேன். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் போனில் ஒரு மணி நேரம் சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் விஷயம், அங்கிருந்தபடியே பணம் அனுப்பி வீட்டை உறுதி செய்யாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஏதாவது ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு தேடுங்கள். இக்மன், லங்கா பிராப்பர்ட்டி வெப் என்ற இரண்டு விளம்பர இணையதளங்களையும் ஊரில் இருக்கும்போதே பார்க்கலாம், ஆனால் எந்தப் பகுதியில் என்ன விலை போகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும். ஒரே வீடு மூன்று புரோக்கர் பெயரில் மூன்று வாடகைக்கு வந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் அதே படம், அதே நீலத் திரைச்சீலை. இந்திய ரூபாய் ஒன்றுக்கு இங்கே சுமார் மூன்றரை ரூபாய் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள், இல்லாவிட்டால் வாடகையைப் பார்த்ததும் நெஞ்சு அடைக்கும். சில பெரிய தொடர்மாடிகளில் (நம்ம ஊர் அபார்ட்மென்ட்) டாலரில்தான் விலை சொல்வார்கள். ரூபாயில் சம்பளம் வாங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். 2022-இல் சில மாதங்களுக்குள் டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியதை நான் பார்த்தேன்.

இங்கே வந்து இறங்கியதும் ஞாயிற்றுக்கிழமை வீரகேசரி பேப்பர் வாங்குங்கள். மணமகன் தேவை, மணமகள் தேவைக்குப் பக்கத்திலேயே வாடகை விளம்பரங்கள் இருக்கும். அதில் 'அனெக்ஸ்' என்று அடிக்கடி வரும். வீட்டுக்காரர் கீழே இருக்க, மாடியிலோ பின்பக்கமோ தனி வாசலோடு பிரித்துக் கொடுக்கும் பகுதி அது. நம்ம ஊரில் போர்ஷன் என்போமே, அதேதான். தனியாக வருகிற பெண்களுக்கு நான் முதலில் சொல்வது அனெக்ஸைத்தான். பெரிய தொடர்மாடியில் யார் வருகிறார், யார் போகிறார் என்று வோச்சருக்கு, அதாவது வாட்ச்மேனுக்கு, மட்டும்தான் தெரியும். அனெக்ஸில் வீட்டுக்கார அன்ரிக்கு (ஆன்ட்டிக்கு) எல்லாமே தெரியும். அது தொல்லையா பாதுகாப்பா என்பதை உங்கள் வயது முடிவு செய்யட்டும்.

நல்ல வீடுகள் பேப்பர் வரைக்கும் வருவதே இல்லை. இப்போது நான் இருக்கிற வீட்டைச் சொன்னது ஒரு இடியப்பக்கடை அக்கா. மூன்று நாள் தொடர்ந்து அங்கே சாப்பிட்டேன், நான்காம் நாள் "பிள்ளை வீடு தேடுறியளோ?" என்று அவரே கேட்டார். ஒவ்வொரு லேனிலும் ஒரு கடை, ஒரு வோச்சர், தையல் மெஷினோடு ஒருவர் இருப்பார்கள். யார் வீடு காலியாகிறது என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். புரோக்கர் வழியாகப் போனால் கமிஷன் எவ்வளவு, உங்களிடமா வீட்டுக்காரரிடமா, இல்லை இரண்டு பக்கமுமா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். வீட்டைப் பார்த்து மனசு விழுந்த பிறகு கேட்டால் பேரம் பேச வாய் வராது.

சரி, எந்தப் பகுதி? கொழும்பு மாநகரை 1 முதல் 15 வரை எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். பகுதியின் பெயருக்குப் பதிலாக எண்ணைத்தான் பலர் சொல்வார்கள். கொழும்பு 6 என்றால் வெள்ளவத்தை. தமிழர்கள் அதிகம், எனவே முதலில் எல்லோரும் போய் நிற்பது அங்கேதான். தமிழ்ச் சங்கம், ராமகிருஷ்ண மிஷன், மயூராபதி அம்மன் கோவில், சேலைக்கடை, தங்கக்கடை எல்லாம் நடக்கிற தூரம். அதற்கேற்ற வாடகையும் உண்டு. பம்பலப்பிட்டி 4, கொள்ளுப்பிட்டி 3. நகரின் மையமான கோட்டைப் பக்கம் போகப் போகப் பணம் கூடும். வெள்ளவத்தையைத் தாண்டித் தெற்கே தெஹிவளை, மாநகர எல்லைக்கு வெளியே. அதே பணத்துக்கு ஒரு அறை கூடுதலாகக் கிடைக்கும். அலுவலகம் கோட்டையிலோ புறக்கோட்டையிலோ இருந்தால் கொட்டாஞ்சேனையை ஒதுக்காதீர்கள். அதுதான் கொழும்பு 13. கருங்கல்லில் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில் அங்கேதான், தமிழும் நிறையக் காதில் விழும். வெள்ளவத்தைக்காரர்கள் "அங்கையோ?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். போய்ப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

வெள்ளவத்தையிலேயே காலி வீதிக்கு (காலி என்பது ஊர்ப் பெயர், Galle Road) கடல் பக்கம் ஒரு வாழ்க்கை, மறுபக்கம் வேறு வாழ்க்கை. கடல் பக்கத்து லேன்கள் மரைன் டிரைவ் என்ற கடற்கரைச் சாலையில் போய் முடியும், அதை ஒட்டியே ரயில் பாதை. சாயங்காலம் பால்கனியில் நின்றால் சொர்க்கம். ஆனால் உப்புக்காற்று ஜன்னல் கம்பி, ஃப்ரிட்ஜ், ஏசி எதையும் விடாது. முன்பு நான் இருந்த கடல் பக்கத்து வீட்டில் இஸ்திரிப்பெட்டியின் திருகாணிகூடத் துருப்பிடித்தது. ஏசி இருக்கிறது என்று சொன்னால் அரைமணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். போக்குவரத்துக்கு ரயிலும் இருக்கிறது, காலி வீதியில் 100, 101 பஸ்களும் இருக்கின்றன. வீட்டைப் பிடிப்பதற்கு முன் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பதினைந்து நிமிடத்தில் போன தூரம் திங்கட்கிழமை எவ்வளவு ஆகிறது என்று அப்போதுதான் தெரியும்.

இனி, வீட்டுக்காரரோடு பேசுவது. தமிழ்தானே என்று இறங்கி நான் வழுக்கிய இடம் இது. வீட்டுக்கார அன்ரி யாழ்ப்பாணம். வீட்டை எல்லாம் காட்டி முடித்துவிட்டு, கதிரையில் உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, நீங்கள் மச்சம் சமைப்பீங்களோ?"

என் கை தானாகத் தாடையிலிருந்த மச்சத்தைத் தொட்டது. இதை எப்படிச் சமைப்பது? நான் விழிப்பதைப் பார்த்து அவரே விளக்கினார். "மீன், இறைச்சி பிள்ளை. வெள்ளிக்கிழமையில மட்டும் வேண்டாம், மற்ற நாளில நீங்கள் என்னவும் சமையுங்கோ."

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். எத்தனை பேர், கல்யாணம் ஆகிவிட்டதா, அம்மா அப்பா வந்து தங்குவார்களா, இரவு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பவையும் வரும். உள்ளதைச் சொல்லிவிடுங்கள். கருவாடு வறுப்பேன் என்பதை மறைத்துக் குடிபோனால் வறுத்த அன்றே மணம் காட்டிக்கொடுத்துவிடும். பாஸ்போர்ட் நகல், விசா நகல், வேலைக்கடிதம் மூன்றையும் ஒரு உறையில் போட்டு முதல் சந்திப்புக்கே கொண்டுபோங்கள். இதை அவமானமாக நினைக்க வேண்டாம். யுத்த காலத்தில் கொழும்புத் தமிழர்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்து வாழ்ந்தவர்கள். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள், மறுநாளே உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதைப் பார்த்த தலைமுறைதான் இன்று நமக்கு வீடு தருகிறது. அன்ரி நகலை வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துப் பூட்டியபோது எனக்கு அது புரிந்தது.

இன்னொன்று, உண்மையான வீட்டுக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். இங்கே ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ சாவியோடு வருவார்கள். அவர்களிடம் அற்றோணித் தத்துவம் இருக்கிறதா என்று கேளுங்கள். மற்றவர் சார்பில் கையெழுத்துப் போடுவதற்கான பத்திரத்துக்கு இங்கே அதுதான் பெயர். அது இல்லாமல் பெரியம்மா கையில் பணம் கொடுத்தால் பெரியம்மாவோடுதான் உங்கள் ஒப்பந்தம். ஜூலை, ஆகஸ்டில் வீடு தேடுவதையும் முடிந்தால் தவிருங்கள். வெளிநாட்டுச் சொந்தங்கள் விடுமுறைக்கு வரும் காலம் என்பதால் நாள் வாடகைக்கு விடத்தான் பலர் பார்ப்பார்கள்.

பணம். இதில்தான் நான் அடிபட்டேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நம்ம ஊரில் அட்வான்ஸ் என்றால் காலி செய்யும்போது திரும்பி வரும் பணம். தெஹிவளையில் என் முதல் வீட்டுக்காரர் "வாடகை 40,000, ஆறு மாத அட்வான்ஸ், ஒரு மாத டெபாசிட்" என்றார். 2,40,000-உம் அப்படியே இருக்கும் என்று நினைத்து, ஊரில் நகையை அடகு வைத்துக் கொடுத்தேன். முதல் மாத வாடகையோடு போனால் "அதுதான் தந்திட்டீங்களே" என்று திருப்பி அனுப்பினார். எவ்வளவு நல்ல மனிதர் என்று அன்று சாயங்காலம் வரைக்கும் சந்தோஷம். அப்புறம்தான் உறைத்தது. அட்வான்ஸ் என்று அவர் சொன்னது முன்கூட்டியே கட்டும் வாடகையை. திரும்பி வருவது அந்த ஒரு மாத டெபாசிட் மட்டுந்தான். ஐந்தாம் மாதம் குளியலறைச் சாக்கடை அடைத்துப் பொங்கி நான் கிளம்பியபோது மிச்ச ஒரு மாதம் வரவில்லை. டெபாசிட்டிலும் வெள்ளையடிக்க என்று பாதி போயிற்று.

ஆகவே அட்வான்ஸ், டெபாசிட், கீ மணி என்று எந்தச் சொல் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இது மாதாமாதம் கழியுமா, முடிவில் திரும்புமா, பாதியில் போனால் என்ன ஆகும்? ஒரு வருடத்தை மொத்தமாகக் கேட்கிறவர்களும் உண்டு. என் அனுபவத்தில் வாடகையைக் குறைக்கச் சொன்னால் முறைப்பார்கள், அட்வான்ஸ் மாதங்களைக் குறைக்கச் சொன்னால் யோசிப்பார்கள். பேரத்தை அங்கே வையுங்கள்.

ஒப்பந்தத்தை இங்கே நொத்தாரிசு (நோட்டரி) முன் எழுதுகிறார்கள். நம்ம ஊரின் 11 மாதக் கணக்கு இங்கே செல்லாது. 1840-ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இருந்து கையெழுத்தாக வேண்டும். கடையில் வாங்கிய தாளில் நீங்களும் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் தகராறு வரும் நாளில் கை கொடுக்காது. காலி செய்ய எத்தனை மாத அறிவிப்பு, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், வெள்ளையடிப்பது யார் செலவு, மோட்டார் பழுதானால் யார் பொறுப்பு என்ற நான்கும் எழுத்தில் இருக்கட்டும். இங்கிலீஷில் எழுதியிருந்தால் கூச்சப்படாமல் வரிக்கு வரி விளக்கச் சொல்லுங்கள்.

வீட்டைப் பார்க்கும்போது டைல்ஸைப் பார்க்காதீர்கள், மீட்டரைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற தமிழ்நாட்டு நினைப்பை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். இங்கே மாதாமாதம் பில், யூனிட் ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறும். வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் ஒரே மீட்டர் என்றால் இரண்டு குடும்பத்தின் யூனிட்டும் சேர்ந்து மேல்படி விலைக்குப் போய்விடும். தனி மீட்டர் இருக்கிறதா, கடைசி பில் கட்டியிருக்கிறதா என்று பில்லையே வாங்கிப் பாருங்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டி. கரண்ட் போனால் மோட்டார் நிற்கும், மோட்டார் நின்றால் தொட்டி காலி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. நான்காம் மாடிக்கு வாளியில் தண்ணீர் தூக்கிய முழங்கால் இது. ஜெனரேட்டர் இருக்கிறது என்றால் லிஃப்டுக்கும் மோட்டாருக்குமா, மாடிப்படி விளக்குக்கு மட்டுமா என்று வோச்சரிடம் தனியாகக் கேளுங்கள், அவர்தான் உண்மையைச் சொல்வார்.

மழை பெய்த மறுநாள் போக முடிந்தால் இன்னும் நல்லது. கூரைப் பீலியிலும் பூந்தொட்டித் தட்டிலும் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். டெங்கு இங்கே வருடாவருடம் வரும் விருந்தாளி. களனி கங்கைப் பக்கத்துத் தாழ்வான பகுதிகளில் 2016 மே மாதம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அந்தப் பக்கம் மலிவாகக் கிடைத்தால் பக்கத்து வீட்டில் தண்ணீர் எது வரை வந்தது என்று கேளுங்கள், சுவரில் கை வைத்தே காட்டுவார்கள்.

குடிபோகும் அன்று மீட்டர் ரீடிங்கையும், சுவரிலுள்ள ஒவ்வொரு ஆணி ஓட்டையையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். அன்று காலை "திறப்பு என்னட்ட இருக்கு, வாங்கோ" என்று அன்ரி போன் செய்வார். திறப்பு விழா இல்லை, சாவிதான். வாசல் கதவு, இரும்பு கேட், மொட்டைமாடி மூன்றுக்கும் இருக்கிறதா என்று எண்ணி வாங்குங்கள். மொட்டைமாடித் திறப்பைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும், அன்ரியின் ஊறுகாய்ப் பரணிகள் அங்கேதான் காய்ந்துகொண்டிருக்கும்.