ஒரே நாளில் ஹைதராபாத்: தெரியாத ஊருக்குத் திட்டம் போடுவது எப்படி?

தெரியாத ஊருக்கு ஒரு நாள் பயணம் என்றதும் பெரும்பாலோர் செய்கிற முதல் வேலை, "கட்டாயம் பார்க்க வேண்டிய 15 இடங்கள்" என்று தேடி, கிடைத்ததை அப்படியே வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிடுவது. அதை வைத்து ஒரு நாளை ஓட்ட முடியாது. எது எதற்குப் பக்கத்தில், என்றைக்குப் பூட்டு, எத்தனை மணிக்குப் போனால் பிரயோசனம் என்பதெல்லாம் அதில் இருக்காது. நான் முதலில் பார்ப்பது, அந்த ஊரில் நம் வசதிக்கு வளையாதவை எவை என்றுதான்: ரயில் நேரம், வார விடுமுறை, குறிப்பிட்ட மணிக்கு மட்டும் நடக்கிற சமாச்சாரங்கள். இவற்றைக் குறித்துக்கொண்டால் மிச்சம் இருக்கிற நேரத்தில் மற்றதெல்லாம் தானாக உட்கார்ந்துவிடும். ஹைதராபாத்தை வைத்தே செய்து பார்ப்போம். சென்னையில் சாயங்காலம் ரயில் ஏறினால் மறுநாள் காலை அங்கே இருக்கலாம்.

படி 1: கிழமையை முடிவு செய்யுங்கள்

டிக்கெட் போடுவதற்கு முன்னால் இது. வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம். சாலார் ஜங் அருங்காட்சியகமும் சௌமஹல்லா அரண்மனையும் வெள்ளிதோறும் விடுமுறை, போதாததற்கு மெக்கா மசூதியில் ஜும்மா தொழுகை இருப்பதால் மதியம் சார்மினார் பக்கம் நெரிசல் வேறு. ஞாயிறு எல்லாம் திறந்திருக்கும், ஆனால் உள்ளூர்க் குடும்பங்கள் எல்லாம் அன்றைக்குத்தான் கிளம்பும். லீவு கிடைத்தால் வார நாள் நல்லது. மாதம் என்று கேட்டால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஏப்ரல், மே வெயிலில் கோல்கொண்டா கோட்டைப் படி ஏறுவது வேண்டாத வேலை.

படி 2: எந்த ஸ்டேஷன் என்று பாருங்கள்

செகந்திராபாத், நாம்பள்ளி, காச்சிகுடா என்று மூன்று பெரிய ஸ்டேஷன்கள் இருக்கின்றன. டிக்கெட்டில் ஹைதராபாத் டெக்கான் என்று இருந்தால் அது நாம்பள்ளி. சில ரயில்கள் ஊருக்கு வெளியே செர்லபள்ளியோடு நின்றுவிடும், அங்கிருந்து பழைய நகரத்துக்கு வர நேரம் பிடிக்கும். பையை க்ளோக் ரூமில் போடுவதாக இருந்தால் அதற்குப் பூட்டு வேண்டும், பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். ரயில் டிக்கெட்டையும் கேட்பார்கள். நாம்பள்ளியில் இறங்கினால் மெட்ரோவில் எம்ஜிபிஎஸ் (மகாத்மா காந்தி பஸ் நிலையம்) வரை போய் அங்கிருந்து ஆட்டோ பிடிப்பது சுலபம், சார்மினார் வரைக்கும் மெட்ரோ கிடையாது.

படி 3: மேப்பில் நட்சத்திரம் போட்டு, பாதியை அழியுங்கள்

மனதில் இருக்கிற எல்லா இடத்தையும் கூகுள் மேப்பில் குறித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். சார்மினார், மெக்கா மசூதி, லாட் பஜார், சௌமஹல்லா நாலும் நடக்கிற தூரத்தில் ஒன்றாகக் கிடக்கும். சாலார் ஜங்கும் கிட்டத்தில்தான், மூசி ஆற்றங்கரையில். கோல்கொண்டா மட்டும் மேற்கே பத்துப் பதினோரு கிலோமீட்டர் தள்ளி. ஆக, காலையில் பழைய நகரம், மாலையில் கோட்டை, நடுவில் ஒரே ஒரு நீளமான ஆட்டோ சவாரி. ராமோஜி ஃபிலிம் சிட்டி கிழக்குப் பக்கம் எங்கோ இருக்கிறது, அதற்கே முழு நாள் வேண்டும், தயங்காமல் அழித்துவிடுங்கள். பிள்ளைகள் அழுதால் அடுத்த தடவை.

படி 4: மணியைக் குறியுங்கள்

இந்த நாளில் அசையாத ஆணிகள் இரண்டு. ஒன்று, பகல் 12 மணிக்குச் சாலார் ஜங்கில் இருக்க வேண்டும். அங்கே ஒரு பழைய இசைக் கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும் நேரத்தில் உள்ளிருந்து தாடி வைத்த சின்ன பொம்மை மனிதர் வெளியே வந்து, எத்தனை மணியோ அத்தனை அடி அடித்துவிட்டு உள்ளே போய்விடுவார். கூடத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்கவே கூட்டம் சேரும். ஒரு மணிக்குப் போனால் ஒரே அடி, அவ்வளவுதான். பன்னிரண்டுக்குப் போனால் முழு விருந்து. பத்து நிமிடம் முன்னதாகவே இடம் பிடித்துவிடுங்கள், பின்னால் நின்றால் தலைகள்தான் தெரியும்.

இரண்டாவது ஆணி, கோல்கொண்டாவுக்கு மூன்று, மூன்றரைக்குள் போய்ச் சேர்வது. சாயங்காலம் ஐந்தரை வாக்கில் மூடிவிடுவார்கள், மேலே ஏறி இறங்க ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். நேரங்களை அவ்வப்போது மாற்றுவார்கள், முந்தின நாள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: நடுவில் இருப்பதை நிரப்புங்கள்

ஒன்பது, ஒன்பதரைக்குச் சார்மினார். 1591-ல் முகமது குலி குதுப் ஷா கட்டியது. பக்கத்திலேயே நிம்ரா கடையில் இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும், டிஃபன் வேண்டுமென்றால் குல்சார் ஹௌஸ் பக்கம் வண்டிக் கடையில் வெண்ணெய் வழிகிற தோசை. அப்புறம் மெக்கா மசூதி. தோளும் முழங்காலும் மூடிய உடுப்பாக இருக்கட்டும். பத்து மணிக்கு மேல் சௌமஹல்லாவில் தர்பார் மண்டபத்தின் சரவிளக்குகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, பதினொன்றேகாலுக்குச் சாலார் ஜங் கிளம்பிவிடுங்கள். லாட் பஜார் வளையல் கடைகள் காலையில் சோம்பலாகத்தான் திறக்கும், அதை நம்பி அங்கேயே சுற்றாதீர்கள்.

சாலார் ஜங்கை முழுசாகப் பார்க்க ஒரு நாள் பத்தாது. கடிகாரத்துக்குப் பிறகு இரண்டே இரண்டு சிலைகள் போதும் என்பேன். பென்சோனி என்ற இத்தாலியச் சிற்பி செதுக்கிய முக்காடு போட்ட ரெபேக்கா: முழுக்க பளிங்குதான், ஆனால் துணிக்குப் பின்னால் முகம் தெரிகிற மாதிரியே இருக்கும். இன்னொன்று ஒரே மரத்தில் செய்த இரட்டைச் சிலை. முன்னால் ஃபாஸ்ட் கதையில் வருகிற சாத்தான் மெஃபிஸ்டோஃபிலிஸ், பின்னால் வைத்த கண்ணாடியில் அதே கதையின் நாயகி, தலைகுனிந்த மார்கரெட்டா.

ஒன்றரைக்குப் பிரியாணி. மதினா சர்க்கிள் பக்கத்து ஷாதாப் மாதிரிக் கடைகளில் கூட்டம் இருந்தாலும் சீக்கிரம் நகரும். தட்டில் வருகிற அளவைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள், நல்ல பசிக்காரருக்கே அது தாராளம்.

கோட்டையில் வாசல் மண்டபத்துக் குவிமாடத்தின் கீழ் நின்று கை தட்டினால் மலை உச்சியில் கேட்கும். கைடுகள் செய்து காட்டுவார்கள், நீங்களே இரண்டு பேராகப் பிரிந்து ஒருவர் கீழும் ஒருவர் மேலுமாகச் செய்தால்தான் அதில் ருசி. ஏறும் வழியில் ராமதாஸ் சிறை என்று ஒரு இருட்டு அறை. மார்கழிக் கச்சேரிகளில் நாம் கேட்கிற கீர்த்தனைகளைப் பாடிய அதே பத்ராசல ராமதாஸ்தான், வரிப்பணத்தைக் கோயில் கட்டச் செலவழித்ததற்காக கோல்கொண்டா சுல்தான் தானா ஷா ஆட்சியில் அங்கே அடைபட்டவர். அங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

படி 6: தாமதமானால் எதை வெட்டுவது?

இதை ரயிலில் வரும்போதே முடிவு செய்துவிட வேண்டும், அங்கே போய்ச் சண்டை போடக் கூடாது. ரயில் ஒரு மணி நேரம் லேட் என்றால் சௌமஹல்லாவை விடுங்கள். இரண்டு மணி நேரம் என்றால் நேராகச் சாலார் ஜங், சார்மினாரைச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியிலிருந்து பார்த்தால் போதும். இரவு கோட்டையில் ஒலி-ஒளிக் காட்சி உண்டு. திரும்பும் ரயில் பத்து மணிக்கு மேல் இருந்தால் மட்டும் உட்காருங்கள், ஏனென்றால் கோல்கொண்டாவிலிருந்து செகந்திராபாத் வர மாலை டிராஃபிக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். எட்டு மணி ரயில் என்றால் ஐந்து மணிக்கே கீழே இறங்கி வண்டி புக் செய்துவிடுங்கள், க்ளோக் ரூம் பையை எடுக்கவும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.